மின்ட் ஜூலெப்பை வீட்டிலேயே பாரம்பரிய முறையில் தயாரிப்பது எப்படி? வெள்ளிக் கோப்பை கட்டாயமா?

நீங்கள் மூன்று செய்திகளைக் கேட்டிருக்கிறீர்கள்: மின்ட் ஜூலெப் என்ற புதினா கலந்த விஸ்கிப் பானத்தை வீட்டில் முறையாகச் செய்வது எப்படி, புதினாவை எவ்வளவு நசுக்க வேண்டும், வெள்ளிக் கோப்பை இல்லாமல் செய்ய முடியுமா. கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: வெள்ளி தேவையில்லை, ஆனால் உலோகக் கோப்பை தேவை. அதன் காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

நான் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். ஆண்டுதோறும் மே மாதத்தின் முதல் சனிக்கிழமை இந்த நகரில் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் நடைபெறும். 1875-இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தின் அடையாளமாகவே மின்ட் ஜூலெப் இன்று அறியப்படுகிறது. பந்தயம் நடக்கும் சர்ச்சில் டவுன்ஸ் திடலில் டெர்பி நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் சேர்த்து ஏறத்தாழ 1,20,000 கோப்பைகள் விற்பனையாகின்றன. அவ்வளவு கூட்டத்துக்கு ஒவ்வொன்றாகச் செய்து கொடுக்க முடியாது என்பதால், அங்கே முன்கூட்டியே கலந்த புட்டியிலிருந்து ஊற்றித் தருவார்கள். என் முதல் ஜூலெப் அப்படிப்பட்டதுதான். மிட்டாய் கரைத்த தண்ணீர்போல் இருந்ததால் இனி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன். அடுத்த ஆண்டு டெர்பி நாளன்று பக்கத்து வீட்டில் வாழ்ந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் தோட்டத்துப் புதினாவைக் கிள்ளி வந்து என் கண்முன்னே செய்து கொடுத்தார். இரண்டும் ஒரே பெயருக்குரிய பானங்கள் என்பதை நம்பவே முடியவில்லை. நான் இங்கே எழுதுவது அவரிடம் கற்று, பிறகு பல ஆண்டுகள் செய்து பார்த்துத் திருத்திக்கொண்ட முறை.

ஜூலெப்பின் உயிர் விஸ்கியில் இல்லை, குளிரில் இருக்கிறது. போர்பன் எனப்படும் அமெரிக்க விஸ்கி, சர்க்கரை, புதினா, ஐஸ் ஆகிய நான்கே பொருள்கள் உள்ள பானம் இது. விலையுயர்ந்த புட்டியைத் தேடி அலைபவர்கள் பலர் ஐஸையும் புதினாவையும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வரலாற்றைப் பார்த்தாலும் அப்படித்தான். ஜூலெப் என்ற சொல்லின் வேர் பாரசீக மொழியில் பன்னீரைக் குறித்த சொல். குலாப் ஜாமூனில் நாம் சொல்லும் அதே குலாப்தான். அரபு, லத்தீன் வழியாக ஐரோப்பாவுக்குப் போன அந்தச் சொல், கசப்பு மருந்தை விழுங்கவைக்க உதவும் இனிப்புப் பாகைக் குறித்தது. 1803-இல் அச்சான ஒரு பயண நூல், வர்ஜீனியா மக்கள் காலையில் அருந்தும் புதினா ஊறிய மதுவை ஜூலெப் என்று குறிப்பிடுகிறது. அன்று அது பெரும்பாலும் பிராந்தியிலோ ரம்மிலோ செய்யப்பட்டது. போர்பன் பின்னர்தான் அந்த இடத்தைப் பிடித்தது. நடுவில் அடிப்படை மதுவே மாறியும் பானம் அதே பானமாக நிலைத்ததற்குக் காரணம், ஐஸ் வந்து சேர்ந்ததுதான்.

அந்த ஐஸின் கதை நமக்கும் தொடர்புள்ளது. பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டூடர், உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டியெடுத்த பனிக்கட்டியை 1806-இல் முதன்முறையாகக் கப்பலில் ஏற்றி மார்த்தினிக் தீவுக்கு அனுப்பினார். பிறகு சார்ல்ஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் போன்ற அமெரிக்கத் தென்பகுதி நகரங்களுக்கு அவரது ஐஸ் சென்றபோதுதான், கோடை வெயிலில் பனி படர்ந்த கோப்பை என்ற ஆடம்பரம் அங்கே சாத்தியமாயிற்று. சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பட்டு, இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், அதே டூடரின் பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக எழுந்த கட்டடம்.

இப்போது செய்முறைக்கு வருகிறேன்.

போர்பன் என்று புட்டியில் அச்சிட வேண்டுமானால், அது அமெரிக்காவில் தயாரானதாகவும், மூலத் தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் கொண்டதாகவும், உட்புறம் தீயால் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில் வைக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அந்தக் கருகிய மரத்திலிருந்துதான் வெனிலா மணமும் கருக்கிய சர்க்கரையின் சுவையும் வருகின்றன. புதினாவோடு இசைந்து போவதும் அந்தச் சுவைதான். வாங்கும்போது ஆல்கஹால் அளவை மட்டும் பாருங்கள். 50 விழுக்காடு உள்ளது ஜூலெப்புக்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் நொறுக்கிய ஐஸ் விரைவாக உருகி மதுவை நீர்க்கச் செய்யும். 60 மில்லி போர்பனோடு 10 மில்லி பாகும், உருகிய நீர் ஏறத்தாழ 60 மில்லியும் சேர்வதாகக் கணக்கிட்டால், 50 விழுக்காட்டு மது சுமார் 23 விழுக்காடாக இறங்கும். 40 விழுக்காட்டு மதுவோ 18 ஆகிவிடும். பாதிக் கோப்பை தாண்டியதும் அந்த வேறுபாடு நாக்கில் தெரியும்.

சர்க்கரைப் பாகு எளிது. 100 கிராம் சர்க்கரையை 100 மில்லி நீரில் சூடாக்கிக் கரைத்தால் போதும். கம்பிப் பதத்துக்குப் போகவே கூடாது. பாகு நன்றாக ஆறிய பிறகு ஒரு கைப்பிடிப் புதினாவைப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் வடிகட்டிவிடுங்கள். சூடான பாகில் புதினாவைப் போட்டால் இலை வெந்து, கீரை வேகவைத்த வாடை பாகில் ஏறிவிடும்.

புதினா பற்றிய உங்கள் கேள்விதான் மிகவும் முக்கியமானது. கென்டக்கியில் இதற்குப் பயன்படுத்துவது ஸ்பியர்மின்ட் எனப்படும் மென்மையான வகை. மென்தால் மிகுந்த பெப்பர்மின்ட் வகை, பற்பசையை நினைவூட்டும் காரக் குளிர்ச்சியைத் தந்து போர்பனை அடக்கிவிடும். ஓர் இலையை மென்று பாருங்கள்: இனிய மணம் முதலில் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நாக்கு சில்லென்று மரத்துப்போனால் விட்டுவிடுங்கள். புதினாவின் மணம் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. இலேசான அழுத்தத்திலேயே அவை உடைந்துவிடும். இலையின் உட்பகுதியிலோ கசப்பும் பச்சை வாடையும் இருக்கின்றன. தொடக்கத்தில் நான் துவையலுக்கு அரைப்பதுபோல் சிறிய உரலில் போட்டு இடித்தேன். பானம் கரும்பச்சையாகிக் கசந்தது, இலைத்துணுக்குகள் உறிஞ்சுகுழலை அடைத்துக்கொண்டன. அதைப் பார்த்த அந்த ஆசிரியை, "இலைக்கு வலிக்கக் கூடாது, விழித்துக்கொண்டால் போதும்" என்றார். இன்றும் புதினாவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தச் சொற்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஐஸை வீட்டில் நொறுக்க நல்ல கனமான பருத்தித் துணிப்பை ஒன்று போதும்; மதுக்கூடங்களில் இதற்கென்றே கித்தான் பை வைத்திருப்பார்கள். ஐஸ் கட்டிகளைப் பையில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் ஓங்கி அடியுங்கள். உருகும் நீரைத் துணி உறிஞ்சிக்கொள்வதால் ஐஸ் ஈரமின்றி உலர்ந்து நிற்கும். பிளாஸ்டிக் பையில் அந்த நன்மை கிடைக்காது. துண்டுகள் கல்லுப்பு அளவில் இருக்கட்டும். மாவுபோல் பொடியானால் ஐந்து நிமிடத்தில் நீராகிவிடும், பெரிதாக இருந்தால் கோப்பையின் சுவரோடு ஒட்டாது.

கோப்பையை அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்து எடுத்து, 8 அல்லது 10 இலைகளையும் 10 மில்லி பாகையும் அதில் இட்டு, மரக்கரண்டிக் காம்பின் தட்டையான முனையால் நான்கைந்து முறை மெல்ல அழுத்துங்கள். பிறகு அந்த இலைகளைக் கோப்பையின் உட்சுவர் முழுவதும் ஒருமுறை தடவிவிட்டு, 60 மில்லி போர்பனை ஊற்றி, பாதிவரை ஐஸ் போட்டு, கோப்பையின் வெளிப்புறத்தில் வெண்பனி படரும்வரை கலக்குங்கள். அரை நிமிடத்துக்குச் சற்று முன்னோ பின்னோ அது நிகழும். மேலும் ஐஸ் போட்டு, விளிம்புக்கு மேலே குவியலாக எழுப்புங்கள். கொழுந்தோடு கூடிய ஒரு கொத்துப் புதினாவை உள்ளங்கையில் வைத்து மறுகையால் ஒருமுறை தட்டி, உறிஞ்சுகுழலுக்கு மிக அருகில் செருகுங்கள். குழல் குட்டையாக இருக்க வேண்டும் என்பதை அலங்காரம் என்று எண்ணிவிடாதீர்கள்; ஒவ்வொரு வாய் அருந்தும்போதும் மூக்கு அந்தக் கொத்துக்குள் புதைய வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. இந்தப் பானத்தின் புதினாச் சுவையில் பெரும்பகுதி மூக்கின் வழியாகத்தான் வருகிறது.

வெண்பனி படரும் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆல்கஹால் கலந்த நீரின் உறைநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடுவதால், ஐஸ் அதில் உருகும்போது கலவையின் வெப்பமும் 0 டிகிரிக்குக் கீழே போகிறது. உலோகம் அந்தக் குளிரை உடனே வெளிப்புறத்துக்குக் கடத்தும்போது, காற்றிலுள்ள ஈரம் கோப்பையின்மேல் படிந்து அங்கேயே உறைகிறது. கண்ணாடி வெப்பத்தை மெல்லக் கடத்துவதால் அதில் பெரும்பாலும் வியர்வைத் துளிகளே நிற்கும். வெள்ளி மிகச் சிறந்த கடத்தி என்பதால்தான் கென்டக்கிக் குடும்பங்கள் அதைத் தேர்ந்தெடுத்தன. ஆனாலும் மெல்லிய எவர்சில்வர் டம்ளரிலும் பனி நன்றாகவே படர்கிறது. அம்மா கொடுத்த வெள்ளி டம்ளர் என் வீட்டில் இருக்கிறது. அதில் மதுவை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை, எவர்சில்வரிலேயே செய்கிறேன். எந்த உலோகமானாலும் வெளிப்புறத்தை ஈரமின்றித் துடைத்துவிட்டு, விளிம்பிலோ அடியிலோ மட்டும் விரல்களால் பிடியுங்கள். உள்ளங்கை பட்ட இடத்தில் பனி கரைந்துவிடும்.

புதினாவைக் கசக்காதீர்கள் என்ற அறிவுரை அந்த ஆசிரியையோடு தொடங்கியதன்று. லூயிவில்லில் 1872-இல் பிறந்து, இந்நகரின் பெண்டெனிஸ் கிளப்பிலும் பின்னர் செயின்ட் லூயிஸ் நகரிலும் மது கலப்பவராகப் பணிபுரிந்த டாம் புல்லக் என்ற கறுப்பினத்தவர், 1917-இல் வெளியிட்ட தம் குறிப்பு நூலில் கென்டக்கி ஜூலெப்பை விவரிக்கும்போது, புதினா நசுங்காமல் பார்த்துக்கொள்ளும்படி எச்சரிக்கிறார். 1913-இல் முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், தம்மைக் குடிகாரர் என்று எழுதிய செய்தித்தாள்மீது தொடுத்த அவதூறு வழக்கில், செயின்ட் லூயிஸில் தரப்பட்ட ஜூலெப்பில் சிறிதளவே அருந்தியதாகக் கூறினார். டாமின் ஜூலெப்பை ஒருவர் மிச்சம் வைத்திருக்க முடியுமா என்று அந்நகரின் நாளிதழ் ஒன்று தலையங்கமே எழுதியது.

அவருக்கும் முன்னால், வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் அடிமையாக இருந்த ஜான் டாப்னி, ஜூலெப் செய்வதில் நாடறிந்த பெயர் பெற்றிருந்தார். 1860-இல் அங்கே வந்த வேல்ஸ் இளவரசருக்கு ஜூலெப் செய்து கொடுத்தவரும் அவரே. இந்தத் தொழிலில் சேர்த்த பணத்தைக் கொண்டுதான் அவர் தம் மனைவியின் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார். வெள்ளைத் தொப்பியணிந்த தோட்ட முதலாளியின் பானம் என்று விளம்பரங்கள் காட்டும் ஜூலெப்பைத் திறமையாக வளர்த்தெடுத்த கைகளில் பல, அந்த முதலாளிகளுக்கு அடிமைப்பட்டிருந்த கைகள். செய்முறை கேட்பவர்களிடம் டாப்னி, புல்லக் ஆகிய இருவரின் பெயர்களையும் நான் தவறாமல் சொல்கிறேன்.

பலருக்குச் செய்வதானால், போர்பனையும் பாகையும் 6 பங்குக்கு 1 பங்கு என்ற அளவில் முன்பே கலந்து குளிரவைத்துக்கொள்ளுங்கள். ஐஸை நொறுக்கி உறைபெட்டியிலேயே வைத்திருங்கள். புதினாவை மட்டும் ஒவ்வொரு கோப்பைக்கும் அப்போதுதான் கிள்ள வேண்டும். இனிப்பும் குளிரும் மதுவின் வீரியத்தை மறைத்துவிடும் என்பதால், 50 விழுக்காட்டு மதுவில் செய்த ஒரு கோப்பையில் 30 மில்லி தூய ஆல்கஹால் இருப்பதை விருந்தினரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அந்த ஆசிரியை ஆளுக்கு ஒரு கோப்பைதான் தருவார். பிறகு கேட்டவர்களுக்கு அதே பனி படர்ந்த கோப்பையில் ஐஸும் புதினாவும் எலுமிச்சைச் சாறும் மட்டும் போட்டு நிரப்பிக் கொடுத்துவிடுவார். நானும் அப்படியே செய்கிறேன்.