கொம்பு வைத்த ரிக்‌ஷாவும் கிமோனோ பாட்டியும்

கேள்வி: என் மகனோடு வேலை பார்க்கும் பிரேசில் பெண், ஜப்பான் வம்சாவளி. அவள் வீட்டு ஆல்பத்தில், தலையில் கொம்பும் இறகும் வைத்த, தென்னாப்பிரிக்காவின் நம் டர்பன் நகரத்து ரிக்‌ஷாக்காரர் பக்கத்தில் அவளுடைய கொள்ளுப்பாட்டி கிமோனோவில் நிற்கிறார்! அடுத்த படத்தில் காப்பித் தோட்டத்துப் பலகை வீடு, வாசலில் எல்லோரும் கோட்டு சூட்டோடு. இவர்கள் டர்பனுக்கு எதற்கு வந்தார்கள்? தோட்டக் கூலிக்கு ஏது கோட்டு?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: குடியேற வரவில்லை அம்மா, போகிற வழியில் இறங்கியவர்கள். 1908-ல் காசாத்தோ மாரு என்ற கப்பல், காப்பித் தோட்ட வேலைக்குப் போன 781 ஜப்பானியரோடு, ஜப்பானின் கோபே துறைமுகத்திலிருந்து பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்துக்குப் போனது. பிறகு போன கப்பல்கள் பல சிங்கப்பூர், கொழும்பு, டர்பன், கேப் டவுன் என்று நின்று நின்றுதான் அட்லாண்டிக்கைக் கடந்தன. இங்கேயே தங்கிவிடலாம் என்றால் தென்னாப்பிரிக்காவின் 1913 குடியேற்றச் சட்டம் ஆசியாக்காரர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. இதில் வேடிக்கை, பாட்டி பக்கத்தில் நின்ற ரிக்‌ஷாவே அவர் ஊர்ச் சரக்கு! 1890களில் சர்க்கரை முதலாளி மார்ஷல் கேம்ப்பெல் இங்கே கொண்டுவந்தது. கொம்பும் மணியும் ரிக்‌ஷா இழுத்த ஜூலு இன இளைஞர்கள் சேர்த்த அழகு.

சரி, கோட்டு. பெரும்பாலோர் நாலைந்து வருஷம் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று போனவர்கள். போன இடத்தில் கூலி கொஞ்சம், தோட்டத்துக் கடையில் கடன் நிறைய. அதை ஊருக்கு எழுத மனம் வருமா? படம்தான் போகும், இருப்பதிலேயே நல்ல துணியோடு, சிலருக்கு அதுவும் இரவல். நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்ந்தது, என் தாத்தா படத்தில் மேலே ஸ்டூடியோ கோட்டு, கீழே வெறுங்கால்.

இன்னொன்றையும் அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். உழைக்கக்கூடிய மூன்று பேராவது உள்ள குடும்பமாக வந்தால்தான் அங்கே சேர்த்துக்கொண்டார்கள் என்பதால், கப்பலேறும் முன் அவசரக் கல்யாணம், அண்ணன் மகனைத் தத்தெடுப்பது, பக்கத்து வீட்டுப் பையனைத் தம்பி என்று எழுதிக்கொள்வது எல்லாம் நடந்தது, அதனால் படத்தில் பிள்ளை மாதிரி நிற்பவர் பிள்ளையாகவே இருக்கவேண்டும் என்றில்லை. வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு முகமாகக் காட்டிக் கேட்டுவிடட்டும். படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையோ ஜப்பானிய எழுத்தோ இருக்கலாம், ஆனால் ஒட்டியதைப் பிய்க்க வேண்டாம். கப்பல் பெயரும் வருஷமும் தெரிந்தால், பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத்தில் லிபர்தாஜி பகுதியில் ஜப்பானியக் குடியேற்ற அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

அப்புறம், அந்த ரிக்‌ஷா படத்துக்கு ஒரு நகல் கிடைத்தால் எங்களுக்கும் அனுப்புங்கள்.