மழை பாலிசியா, டாப்-அப் கடனா? முடிச்சூர் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் 900 சதுர அடியில் தரைத்தள வீடு, வீட்டுக் கடன் ஓடுகிறது. 2021 வெள்ளத்தில் 2 லட்சம் பர்சனல் லோன் வாங்கிச் சரிசெய்தோம். 2023 மிக்ஜாம் புயலில் மறுபடியும் தண்ணீர் வந்தது. அப்போது பாக்கி 1.35 லட்சத்தோடு இன்னும் 3 லட்சம் டாப்-அப் வாங்கினேன், 14% வட்டி, 5 வருடம். இப்போது வங்கியே கூப்பிட்டு 13 சதவீதத்தில் 4 லட்சம் தருகிறது. அடுத்த வெள்ளத்துக்குக் கையிருப்பாக வாங்கி வைக்கலாமா? காப்பீட்டுக் கம்பெனிகளிடம் எங்கள் பகுதிக்குச் சரியான வெள்ளத் தகவலே இல்லை, பாலிசி தரமாட்டார்கள் என்கிறார்கள். மச்சான் ஒரு மழை பாலிசியைச் சிபாரிசு செய்கிறார்: 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கம் மழைமானியில் 30 செ.மீ. மழை பதிவானால் 1 லட்சம் தானாகக் கணக்கில் வருமாம், பிரீமியம் 4,800. வீட்டுக் கடன் வாங்கியபோதே 42,000 ரூபாய்க்கு இன்ஷூரன்ஸ் பிடித்திருக்கிறார்கள், அது போதாதா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த 42,000 பெரும்பாலும் உங்கள் உயிருக்கான காப்பீடாகத்தான் இருக்கும். நீங்கள் இல்லாமல் போனால் வங்கியின் பாக்கி அடையும். சுவரில் ஈரம் ஏறினால் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. பத்திரத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

உங்களைக் கரைப்பது வெள்ளத்தைவிட, வெள்ளம் வந்தால் லோன் போட்டுக்கொள்ளலாம் என்ற பழக்கம்தான். 4.35 லட்சத்துக்கு 14% வட்டியில் மாதத் தவணை சுமார் 10,100. ஐந்து வருடத்தில் கட்டுவது 6.07 லட்சம், அதில் வட்டி மட்டும் 1.7 லட்சத்துக்கு மேல். 2021-இல் நனைந்த கட்டிலுக்கும் பிரிட்ஜுக்கும் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இதன் மேல் வராத வெள்ளத்துக்காக 4 லட்சம் வாங்கினால் மாதம் இன்னொரு 9,100. சேமிப்புக் கணக்கில் 3 சதவீதம்கூடத் தேறாத பணத்துக்கு 13 சதவீதம் கொடுப்பதைக் கையிருப்பு என்று சொல்லாதீர்கள். வங்கி கூப்பிட்டுக் கொடுப்பது உங்கள் நலனுக்காக அல்ல.

தகவல் இல்லை என்பது உண்மைதான். நிலநடுக்கத்துக்கு நாட்டை மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளத்துக்கு வீட்டு வாசல் வரை வரும் நம்பகமான வரைபடம் கம்பெனிகளிடம் இல்லை. அவர்கள் பார்ப்பது பின்கோடு. ஒரே பின்கோடில் மேட்டுத் தெருவும் இருக்கும், ஏரி உபரிநீர் பாயும் தெருவும் இருக்கும். காப்பீடு எடுக்காத வீடுகளின் நஷ்டம் எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. நம் ஊரில் பெரும்பாலான வீடுகள் அந்த ரகம். போதாததற்குப் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் சாலை சில அங்குலம் ஏறி உங்கள் வீடு அந்த அளவுக்குத் தாழ்ந்துபோகிறது. இதைக் கணக்கு வைப்பார் யாருமில்லை.

ஆனால் இந்தக் குறை இப்போதைக்கு உங்களுக்குச் சாதகம். தெருவாரியாக ஆபத்தைப் பிரிக்க முடியாததால், மேட்டு வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே பிரீமியம்தான் வருகிறது. தகவல் சேரச் சேரப் பள்ளத்தில் இருப்பவர்களுக்கு விலை ஏறும். அதற்கு முன் இன்றைய விலையிலேயே நீண்ட காலப் பாலிசியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரலில் கொண்டுவந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியை எடுங்கள். புயல், வெள்ளம் இரண்டும் அதன் அடிப்படைக் காப்பீட்டிலேயே உண்டு. மனை விலையைச் சேர்க்காமல், திரும்பக் கட்ட ஆகும் செலவை மட்டும் எழுதுங்கள்: 900 சதுர அடிக்கு 2,200 ரூபாய் வீதம் ஏறக்குறைய 20 லட்சம். கட்டடம், பொருட்கள் இரண்டுக்கும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20%, அதாவது 4 லட்சம் வரை (உச்சவரம்பு 10 லட்சம்) பொருட்களுக்குத் தானாகவே வரும். நகைக்குத் தனியாகக் கேட்க வேண்டும். இந்த அளவுக்கு ஆண்டுப் பிரீமியம் பொதுவாக ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மூன்று கம்பெனிகளில் விலை கேளுங்கள். பத்து வருடம் வரை ஒரேயடியாக எடுக்கலாம், கட்டடத் தொகையும் வருடத்துக்கு 10% தானாக உயரும். வீட்டை விற்கும் எண்ணமிருந்தால் மூன்று வருடம் போதும்.

விண்ணப்பத்தில் பழைய வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். மறைத்தால் பிற்பாடு இழப்பீட்டை மறுக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவான பிறகு ஓடினால் கம்பெனிகள் தயங்கும், ஆகவே பருவமழைக்கு முன்பே முடியுங்கள்.

இனி மச்சானின் மழை பாலிசி. அதில் அதே தகவல் குறை உங்கள் தலையில் விடிகிறது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. உங்கள் பகுதி மூழ்கிக்கிடந்த அந்த நாளில் இந்த பாலிசி இருந்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் குறைவில் காலணா வந்திருக்காது. 2023 டிசம்பர் 18 காலைக் கணக்கில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினம் 95 செ.மீ., பக்கத்துத் திருச்செந்தூர் 69. அவ்வளவு கிட்டத்திலேயே 26 செ.மீ. வித்தியாசம் என்றால் நுங்கம்பாக்கத்து மழைமானிக்கும் முடிச்சூருக்கும் என்ன உறவு? மேலும் உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி அடையாற்றில் இறங்கும் தண்ணீர், மழை விட்ட பிறகும் வரும். அதை எந்த மழைமானியும் அளக்காது. சரி, மழை பெய்து 1 லட்சமே வந்தாலும் உங்கள் 2023 செலவில் மூன்றில் ஒரு பங்குதான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மனஸ்தாபம் வந்தால் வரட்டும்.

டாப்-அப் தவணைக்குத் தயாராக இருந்த அந்த 9,100-ஐ ஆர்.டி.யில் போடுங்கள். ஒரு வருடத்தில் 1.09 லட்சமும் வட்டியும் சேரும். காப்பீட்டுப் பணம் வரும்வரை தாக்குப்பிடிக்க அது போதும். பிறகு அதே தொகையைப் பழைய லோனின் அசலில் கட்டுங்கள், முன்கூட்டிக் கட்டக் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன வேலை. சாலை மட்டத்திலிருந்து வாசற்படி எத்தனை அங்குலம், மீட்டர் பெட்டி எத்தனை அடி என்று டேப் வைத்துப் படம் எடுங்கள். புதுச் சாலை போட்டால் மறுபடி எடுங்கள். பிரிட்ஜ், வாஷிங் மெஷினின் மாடல் எண் தகட்டையும் சேர்த்து எடுத்து, மகன் அல்லது மகள் கைபேசியிலும் ஒரு பிரதி வையுங்கள். தண்ணீர் வந்தால் சுவரில் நின்ற கோட்டை வடிவதற்குள் டேப்போடு படம் பிடித்து, அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, இழப்பீட்டுக் கோரிக்கை எண் வாங்குங்கள். நனைந்த மெத்தை நாறுகிறது என்று, நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வருமுன் குப்பை வண்டியில் ஏற்றிவிடுவதால்தான் பலருக்கும் தொகை குறைகிறது. வைத்திருக்கவே முடியாவிட்டால் படம் எடுத்து, கம்பெனிக்கு மின்னஞ்சலில் சொல்லிவிட்டு அகற்றுங்கள்.