தோலும் ஒளிவும் பங்காளிகளா?

அன்புள்ள ஐயா,

வாணியம்பாடியில் ஒரு டேனரியில் கணக்கு எழுதுகிறேன். தினமும் பில்லில் 'ஹைட்ஸ் அண்ட் ஸ்கின்ஸ்' என்று அடிப்பேன். மாடு, எருமை என்றால் ஹைட். ஆடு என்றால் ஸ்கின். நேற்று ஆறாவது படிக்கும் மகள் கேட்டாள்: "ஹைட்னா ஒளிஞ்சிக்கிறது. அது எப்பிடிப்பா தோலாவும்?" உடம்பை மறைப்பதால் வந்த பெயர் என்று சமாளித்தேன். சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி மார்க் போடலாம். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய ஆங்கிலத்திலேயே ஒளித்தலுக்கு ஏறக்குறைய 'ஹ்யூடன்', தோலுக்கு 'ஹ்யூட்' என இரண்டும் தனித்தனியாக இருந்தன. ஆனால் இரண்டையும் மேலே கொண்டுபோய், 'மூடு, போர்த்து' என்ற பொருளுள்ள ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் (ஆங்கிலம், ஜெர்மன், லத்தீன் எல்லாவற்றுக்கும் மூதாதை மொழியின் வேர்) சேர்க்கிறார்கள் மொழியறிஞர்கள். ஆக, அப்பன் பிள்ளை இல்லை, பங்காளிகள். ஜெர்மனியின் 'ஹௌட்', லத்தீனின் 'கூட்டிஸ்' எல்லாம் தோல்தான். நகத்தோரத்து மெல்லிய தோலை க்யூட்டிகிள் என்கிறோமே, அதுவும் அந்த வகையறா.

'ஹைடிங்' என்றால் செம அடி. அது தோல் வழி வந்தது. "தோலை உரிச்சிடுவேன்" என்ற வாத்தியாரிடம் படித்த எனக்கு இதற்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு ஹைட் உண்டு, நில அளவு. 1086-இல் இங்கிலாந்தில் எழுதிய டூம்ஸ்டே ஏட்டில் பல பகுதிகளின் வரிக்கணக்கே அதில்தான். ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம். 120 ஏக்கர் என்பது வழக்கு, ஊருக்கு ஊர் மாறும். இது குடும்பத்தைக் குறித்த வேறொரு சொல்லின் வாரிசு. மாட்டுத்தோலை வாராக அறுத்து நிலம் வளைத்த கார்த்தேஜ் ராணியின் கதையை யாராவது இதோடு முடிச்சுப் போட்டால், கதையை ரசியுங்கள், முடிச்சை விட்டுவிடுங்கள்.

இரு சொற்கள் ஒரே ஒலியில் மோதும் இந்த விபத்து நமக்கும் நேர்ந்திருக்கிறது. தேவாரத்துச் சிவன் போர்த்தியது யானை உரி, அதாவது தோல். தானியம் அளக்கையில் அரை நாழியும் உரி. தோலுக்கு வந்த சொல் அங்கே நிலத்தோடு மோதியது, இங்கே நெல்லோடு.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் ஒளிஞ்சிக்கிறதுக்கும் வெளிச்சத்துக்கும் ஏன் ஒரே 'ஒளி' என்று அடுத்த கேள்வி வரும். அதற்குத் தனிக் கடிதம் போடுங்கள்.