7 டன் பிரஸ் மெஷினை இறக்க 14 டன் ஹைட்ரா போதுமா?

பீன்யாவில் புதுப் பட்டறைக்கு 7 டன் பிரஸ் வருகிறது, டிரெய்லர் ரோட்டில்தான் நிற்கும், காம்பவுண்டுக்குள் திரும்பாது, 14 டன் ஹைட்ரா (சுமையைத் தூக்கிக்கொண்டே நகரும் சிறு கிரேன்) எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பதினெட்டு வருஷமாகப் பெங்களூரில் மெஷின் ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

அந்த 14 டன் என்பது பூமை, அதாவது கிரேனின் நீளும் கையை, முழுக்க உள்ளே இழுத்து, தூக்கும் சுமை ஹைட்ராவின் மூக்கோடு ஒட்டியிருக்கும்போது தூக்கும் எடை. பூம் நீள நீளத் திறன் சரசரவென்று இறங்கும். சமதரையில் தூக்கிக்கொண்டு நாலடி நகர ஹைட்ரா நல்ல வண்டிதான். சுவருக்கு மேல் எட்டித் தூக்க அதற்குப் பக்கவாட்டில் விரித்துத் தரையில் ஊன்றும் ஜாக்கியும் கிடையாது, சுழலவும் முடியாது. உங்களுக்கு ஜாக்கி வைத்த, சுழலும் கிரேன்தான் வேண்டும்.

முதலில் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். கிரேன் சுழலும் மையத்திலிருந்து மெஷின் இறங்கும் இடத்தின் நடு வரை எத்தனை மீட்டர்? அதுதான் ரேடியஸ். மெஷின் கூரைக்கு அடியில் உட்காரப்போகிறது என்றால் ஷட்டர் வாசல் வரை அளந்தால் போதும், அங்கிருந்து ரோலரில் உருட்டிக்கொள்ளலாம். மூன்று மீட்டரில் 50 டன் தூக்கும் கிரேன் 12 மீட்டரில் பத்து டன் பக்கம்தான் நிற்கும். உங்கள் 7 டன்னும் வெறும் 7 இல்லை. கொக்கி பிளாக், பெல்ட், ஷாக்கிள் எல்லாமே கிரேனுக்குச் சுமைதான். எட்டு என்று வைத்து, உங்கள் ரேடியஸில் பத்துக்குக் குறையாமல் காட்டும் லோட் சார்ட்டை, அதாவது எந்த ரேடியஸில் எத்தனை டன் தூக்கும் என்ற அட்டவணையை, கேளுங்கள். அதுவும் வரப்போகும் அதே வண்டியின் சார்ட், ஜாக்கி முழுக்க விரித்த கணக்கில்.

அப்புறம் தரை. ராஜாஜிநகர் பக்கம் ஒரு ஷெட்டில் 5 டன் ஜெனரேட்டர் இறக்கினோம். சார்ட்படி எல்லாம் சரி. சுமை ஒரு ஜாண் எழும்பியதும் வழக்கம்போல நிறுத்திச் சுற்றிப் பார்த்தோம். பின்பக்க ஜாக்கி அடியில் சிமெண்ட்டில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். கூட இருந்த பையன் கடப்பாரையால் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, அடியில காலியா இருக்கு" என்றான். உடனே இறக்கிவிட்டோம். கீழே பழைய சம்ப்பு, மூடித் தரை போட்டிருக்கிறார்கள். கிரேனை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தினால் ரேடியஸ் கூடி, சார்ட்டில் அந்த எடையே வரவில்லை. மறுநாள் பெரிய வண்டி கொண்டுவந்துதான் வேலை முடிந்தது. ஒரு நாள் வாடகை போனது, ஆனால் அந்தப் பையன் பத்திரமாக வீட்டுக்குப் போனான்.

எனவே சம்ப்பு, சாக்கடைக் குழி எங்கே என்று கட்டட உரிமையாளரிடம் இன்றே கேளுங்கள். ரோட்டில் மின்கம்பி போகிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். மீட்டர் கணக்கை எழுதினால் எத்தனை டன் வண்டி என்று பார்த்துச் சொல்கிறேன்.