வலிப்பு மாத்திரையும் கூட்டு மருந்தும்: கடற்கரைக் கேள்விகள்

கேள்வி கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். நான் மருந்தாளுநர்தான், டாக்டர் இல்லை. சீட்டை மாற்றுவது அவர்கள் வேலை.

பாம்பன்: அண்ணே, விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். எச்.ஐ.வி.க்கு தினம் ஒரு கூட்டு மாத்திரை. போன மாதம் வலிப்பு வந்தது. தனியார் டாக்டர் எப்டாயின் எழுதினார். கூட்டு மருந்து விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. ஏதும் பாதகமா?

பாதகம்தான் தம்பி. அந்த ஒரே மாத்திரையில் பெரும்பாலும் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் மூன்றும் இருக்கும். எப்டாயின் என்பது ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்து. கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளை அது முடுக்கிவிடும். டொலுடெகிராவிர் ரத்தத்தில் நிற்க வேண்டிய அளவுக்கு நிற்காது. ஒரு வேளைகூடத் தவறாமல் போட்டாலும் வைரஸ் தலைதூக்கும், மருந்துக்கு மசியாததாகவும் மாறிவிடலாம். ஃபீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்தும் இதே ரகம். கார்பமாசெபைன் என்ற வலிப்பு மருந்தும் அப்படித்தான், அதை விட முடியாது என்றால் டொலுடெகிராவிரை வேளைக்கு 50 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளையாக்குவார்கள்.

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே எப்டாயினை நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். பொதுவாக லெவிடிராசெட்டாம் என்ற வேறு வலிப்பு மருந்தைத் தொடங்கி, எப்டாயினை மெல்லக் குறைப்பார்கள். லெவிடிராசெட்டாம் அந்த நொதிகளோடு வம்புக்குப் போகாது, பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். அதனால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவு குறையும். டெனோஃபோவிர் போடுபவர் கிரியாட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொள்வது நல்லது. எப்டாயின் நின்ற பிறகும் நொதிகளை முடுக்கும் அதன் வேலை இரண்டு வாரம் வரை ஓடும்.

அப்புறம், வலிப்பு ஏன் வந்தது? எச்.ஐ.வி. உள்ளவருக்குப் புதிதாக வலிப்பு என்றால் மூளையில் டாக்சோபிளாஸ்மா, காசநோய், கிரிப்டோகாக்கஸ் என்று தொற்றுகளைத் தேட வேண்டும். ஸ்கேன் எடுக்காமல் மாத்திரை மட்டும் வாங்கிவருவது அரைவேலை. இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு ஏ.ஆர்.டி. மையம் (எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் இடம்) போங்கள், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு பரிசோதனையும் கேளுங்கள். வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் புரிகிறது. ஆனால் 2017 எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் ஒப்புதல் இல்லாமல் டாக்டர் அதை ஊருக்குச் சொல்ல முடியாது.

மண்டபம்: தம்பி, மாத்திரை போட்டு வலிப்பு நின்றிருக்கிறது. பாசி எடுக்கப் போகலாமா?

முங்கி எடுப்பது வேண்டாம் அக்கா. கண்ணாடி மாட்டிக்கொண்டு பாறை இடுக்கில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும்போது அரை நிமிடம் நினைவு தப்பினாலும் பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரியாது. கரையில் காயப்போடுவது, தரம் பிரிப்பது செய்யலாம். மற்றதை டாக்டர் சொன்ன பிறகு பார்க்கலாம். மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தொண்டி: லெவிடிராசெட்டாம் தொடங்கியதிலிருந்து என் தம்பி எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான்.

அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவுதான். திமிர் என்று அடித்துவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவார். சாகப்போகிறேன் என்று பேசினால் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

கீழக்கரை: மகள் வலிப்புக்கு வால்ப்ரோயேட் போடுகிறாள். எச்.ஐ.வி. கூட்டு மருந்தும் உண்டு. குழந்தைக்குத் திட்டமிடுகிறார்கள்.

கரு தங்குவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். வால்ப்ரோயேட் கருவின் முதுகெலும்பையும் மூளை வளர்ச்சியையும் கெடுக்கக்கூடியது. கூட்டு மருந்தில் ஜிடோவுடின் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்து இருந்தால், வால்ப்ரோயேட்டால் அதன் அளவு ரத்தத்தில் ஏறும் என்பதும் ஒரு கணக்கு, ரத்தசோகை பார்க்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரை தொடங்கினால் டொலுடெகிராவிரோடு சேர்த்து வெறும் வயிற்றில் போடக் கூடாது. சாப்பாட்டோடு என்றால் சரி.

ஏர்வாடி: வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்கலாமா?

சாவியால் ஒன்றும் ஆகாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமல் மறுபடி வந்தாலோ 108.

பாம்பன், மறுபடி: மருந்து மாறும்வரை கடலுக்குப் போகவா?

போகாதீர்கள். ஸ்கேன் முடிவு வரட்டும்.