பளபளக்கும் ஆப்பிள் வாயில் மாவாவது ஏன்?

கேள்வி: பெரிய கடை ஒன்றில் கோபுரம் போல அடுக்கியிருந்த சிவப்பு ஆப்பிளைப் பார்த்து, போன வாரம் இரண்டு கிலோ வாங்கினேன். வெட்டினால் மாவு மாதிரி இருக்கிறது. மூன்று பழங்களில் தோலுக்கடியில் பழுப்புத் திட்டு வேறு. கேட்டால், “நேற்றுதான் பெட்டி பிரித்தோம்” என்கிறார்கள். பொய்தானே?
– வாசகி, திருச்சி

பதில்: பெட்டியை நேற்றுப் பிரித்தது உண்மையாகவே இருக்கலாம் அம்மா. பழம் மரத்தை விட்டு இறங்கி எத்தனை மாதமாயிற்று, குளிரை விட்டு வெளியே வந்து எத்தனை நாளாயிற்று என்பதைத்தான் கேட்டிருக்க வேண்டும். இமாச்சலத்திலும் காஷ்மீரிலும் பெரும்பாலான அறுவடை ஜூலையில் தொடங்கி அக்டோபருக்குள் முடிந்துவிடும். பங்குனி, சித்திரையில் நாம் வாங்கும் அந்த ஊர்ப் பழமெல்லாம், ஆக்சிஜனைக் குறைத்து, ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியில் மாதக்கணக்காகக் கிடங்கில் வைத்திருந்ததுதான். அதில் தவறில்லை. அங்கே இருக்கும்வரை பழம் கெட்டியாகவே இருக்கும்.

வெளியே வந்தபிறகுதான் சிக்கல். ஆப்பிள் எத்திலீன் வாயுவை விட்டுத் தன்னைத்தானே கனியவைத்துக்கொள்ளும். சூடு கூடினால் அந்த வேகமும் கூடும். நம் ஊர் வெக்கையில், குளிரூட்டாத மேசையில் ஒரு வாரம் கிடந்தால் சதை தளர்ந்துவிடும். தோலின் சிவப்பு மட்டும் அப்படியே இருக்கும். ரெட் டெலிசியஸ் வகையில் இந்த ஏமாற்றம் அதிகம்.

பழுப்புத் திட்டு, அடிபட்ட தடம். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினால் அடிபடும். கோபுரமாக அடுக்கினால் கீழே இருக்கும் பழம் மேலே இருப்பதன் பாரத்தைத் தாங்கி நசுங்கும். அப்போதைக்கு வெளியே எதுவும் தெரியாது. அக்கறையுள்ள கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல், ஒன்றின் காம்பு இன்னொன்றைக் குத்தாமல் வைப்பார். கோபுரம் கண்ணுக்குத்தான் அழகு. பழத்துக்கு அது தண்டனை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகிற நம் பழக்கமும் அதே தடத்தைத்தான் விட்டுச்செல்கிறது.

அழுத்தாமலே கண்டுபிடிக்கலாம். பழத்தைக் கையில் ஏந்துங்கள். அளவுக்குத் தகுந்த கனம் இருக்க வேண்டும். காம்பைச் சுற்றித் தோல் சுருங்கியிருக்கக் கூடாது. சிவப்புக்கு நடுவே தெரியும் அடிநிறம் மங்கலான மஞ்சளாகிவிட்டிருந்தால் விட்டுவிடுங்கள். சிவப்புத் தாளும் மஞ்சள் விளக்கும் இதை மறைக்கும், அதனால் வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். முடிந்தால், பெட்டியில் அட்டைத் தட்டின் குழிகளில் இருக்கும் பழத்தையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். வழக்கமாக வாங்கும் கடையில் ஒன்றை வெட்டிக் காட்டச் சொன்னாலும் தப்பில்லை. வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: கத்தியால் சுரண்டினால் வெள்ளையாக மெழுகு வருகிறது. குழந்தைக்குக் கொடுக்கவே பயமாக இருக்கிறது.
– வாசகர், மதுரை

பதில்: பயப்பட வேண்டாம். ஆப்பிளின் தோலில் இயற்கையாகவே மெழுகு உண்டு. பறித்தபின் கழுவும்போது அதில் கொஞ்சம் போய்விடும்; ஈடுகட்ட மேலே மெல்லிசாகப் பூசுவார்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் தேன்மெழுகு, கார்னோபா (ஒருவகைப் பனை ஓலையின் மெழுகு), அரக்கு மெழுகு ஆகியவற்றை மட்டும் அனுமதிக்கின்றன. மினரல் ஆயிலும் சாயமும் கூடாது. பூசியிருந்தால் லேபிளில் அறிவிக்கவும் வேண்டும். ஆனால் அந்த லேபிள் பெட்டியோடு போய்விடுகிறது, சில்லறையில் வாங்குகிற நமக்கு எட்டுவதில்லை. விலைப் பலகையிலேயே ‘மெழுகு பூசியது’ என்று எழுதிவைப்பதுதான் நேர்மை. வெதுவெதுப்பான நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்துக் கொடுங்கள். ஈரத் துணியில் சிவப்பு ஒட்டினால் அந்தப் பழத்தைச் சாப்பிடாமல், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: ஸ்டிக்கரில் 4131 என்று இருந்தது. 4-இல் தொடங்கினால் மருந்தடித்த பழமாமே?
– வாசகி, கோவை

பதில்: 4131 என்றால் பெரிய அளவு ஃபூஜி வகை ஆப்பிள், அவ்வளவுதான். பில் போடுவதற்கான எண் அது. 9-இல் தொடங்கும் ஐந்து இலக்கம் இயற்கை விவசாயத்தில் விளைந்ததைக் குறிக்கும். நான்கு இலக்கம் வழக்கமான சாகுபடியைக் குறிக்கும். எவ்வளவு மருந்து அடித்தார்கள் என்பதை எந்த எண்ணும் சொல்லாது. ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதாலேயே வெளிநாட்டுப் பழம் என்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்துவிடாதீர்கள். சாப்பிடும் முன் ஸ்டிக்கரை உரித்து, பசை இருந்த இடத்தைக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: அட்டை டப்பாவோடு சேர்த்து எடை போடுகிறார்கள். சரியா?
– வாசகர், சேலம்

பதில்: சரியில்லை. காலி டப்பாவை முதலில் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கிவிட்டுப் பழத்தைப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லை வாங்கி வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.