12 லட்சம், ஒரே ஜிஎஸ்டி, பணக்காரர் வரி: இதில் உங்கள் கடைக்கு வருவது எது?

கேள்வி: கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஏறக்குறைய 30 லட்சம் வியாபாரம். செலவு போக மாதம் 35,000 ரூபாய் நிற்கும். ஜிஎஸ்டி பதிவு எடுக்கவில்லை. மகன் கோவையில் வேலை செய்கிறான், ஆண்டுச் சம்பளம் 9 லட்சம். தேர்தல் வந்தாலே கடைத் திண்ணையில் வரிச் சண்டைதான். ஒருவர் 12 லட்சம் வரை வரியே இல்லை என்கிறார். இன்னொருவர் ஒரே ஜிஎஸ்டி வந்தால் விலை இறங்கும் என்கிறார். மூன்றாமவர் பெரும் பணக்காரர்கள் மீது வரி போட வேண்டும் என்கிறார். என் போன்றவனுக்கு எதில் லாபம்? இதற்கிடையில் ஒரு ஏஜென்ட், கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாகக் காட்டி, மகனுக்குக் கம்பெனி பிடித்த வரியைத் திருப்பி வாங்கித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் அவசரம். செய்யவே கூடாது. காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது திண்ணைச் சண்டைக்கு வருவோம். 12 லட்சம் என்பது 2025 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் வந்த அறிவிப்பு. உங்கள் வருமானம் ஆண்டுக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். 5 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு 2019 முதலே வரித் தள்ளுபடி இருக்கிறது. ஆக, அந்த பட்ஜெட்டுக்கு முன்பும் நீங்கள் கட்ட வேண்டிய வருமானவரி பூஜ்யம், அதன் பிறகும் பூஜ்யம். உங்கள் மகன் கதை வேறு. 9 லட்சத்தில், சம்பளக்காரர் எல்லாருக்கும் உள்ள நிலைக்கழிவு 75,000 போனால் 8 லட்சத்து 25 ஆயிரம். 2024-25 கணக்குப்படி, கழிவும் விகிதமும் குறைவாக உள்ள புதிய முறையில் அவன் 33,800 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். 2025-26 முதல் ஒன்றும் இல்லை. 12 லட்சம் வருமானக்காரருக்கு மிச்சம் 80,000, 25 லட்சக்காரருக்கு 1,10,000. ஒரே வீட்டில் மகனுக்குக் கிடைத்தது அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அறிவித்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வருமானவரியே கட்டாதவருக்கு வருமானவரிச் சலுகையால் எதுவும் வராது என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

உங்களைத் தொடுவது ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்துவிட்டு 5, 18 என்று வைத்தார்கள். ஒரு சில பொருள்களுக்கு மட்டும் 40. சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் 18-லிருந்து 5-க்கு வந்தன. வரி சேர்த்து 118 ரூபாய்க்கு வந்த பொருள் 105-க்கு வர வேண்டும். சிமென்ட் 28-லிருந்து 18 ஆனது. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு வரியே எடுக்கப்பட்டது. இது உங்களுக்கும் உண்டு, உங்கள் கடைக்கு வரும் கூலிக்காரருக்கும் உண்டு. ஆனால் அளவைப் பாருங்கள். வருமானவரிச் சலுகையால் அரசு விட்டுக்கொடுத்தது ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் கோடி என்று அரசே சொன்னது. ஜிஎஸ்டி குறைப்பால் போவது சுமார் 48,000 கோடி என்றும் அரசே கணக்குச் சொன்னது. முதல் தொகை போவது வருமானவரி கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும். அதில் பாதிக்கும் குறைவான இரண்டாவது தொகை நாடு முழுக்க எல்லார் பைக்கும் பிரிகிறது. யாருக்கு லாபம் என்று கேட்டீர்கள். என் பதில் அந்த இரண்டு எண்கள்தான்.

அப்புறம், ஒரே ஜிஎஸ்டி. காங்கிரஸ் 2024 தேர்தல் அறிக்கையில், சில விலக்குகளோடு ஒரே மிதமான விகிதம் என்று சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. உங்கள் கடையில் சமையல் எண்ணெய், சர்க்கரை, டீத்தூள் மூன்றும் இன்று 5 சதவீதத்தில் இருக்கின்றன. ஒரே விகிதம் 12 என்று வைத்துக்கொண்டால், அந்தச் சாமான்களை 2,000 ரூபாய்க்கு வாங்கும் குடும்பத்துக்கு வரி 100-லிருந்து 240 ஆகும். 40,000 ரூபாய் ஏசி வாங்குபவருக்கு 2,400 ரூபாய் குறையும். ஏழைகள் மேல் பாரம் ஏறாது என்று அந்த அறிக்கை சொல்வதால், இந்தச் சாமான்களையெல்லாம் விலக்குப் பட்டியலில் சேர்ப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் பேச வேண்டியது அந்தப் பட்டியலைப் பற்றித்தான். திண்ணையில் அந்த நண்பரிடம் விகிதத்தைக் கேட்காதீர்கள், பட்டியலைக் கேளுங்கள்.

மூன்றாமவர் சொல்வது, பெரும் பணக்காரரின் மொத்தச் சொத்து மேல் போடும் செல்வ வரி. பஞ்சாயத்தில் வீட்டுக்குக் கட்டும் சொத்து வரி வேறு, இது வேறு. மார்க்சிஸ்ட் கட்சி இதையும் வாரிசு வரியையும் 2024 அறிக்கையில் கேட்டது. வாரிசு வரி போன்ற ஒன்று 1985 வரை நம் நாட்டில் இருந்தது. செல்வ வரி 1957-லிருந்து 2015 பட்ஜெட்டில் எடுக்கும் வரை இருந்தது. உங்கள் கடையையும் வீட்டையும் அது தொடப்போவதில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் வசூலாகும் பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். 2015-ல் செல்வ வரிக்குப் பதிலாக பெரும் வருமானக்காரர்கள் மேல் சர்சார்ஜை, அதாவது வரி மேல் போடும் கூடுதல் வரியை, கூட்டினார்கள். சர்சார்ஜிலும், ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று மத்திய அரசு வாங்கும் செஸ்ஸிலும் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. பங்கு உள்ள வரியிலேயே, மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் 15-வது நிதிக்குழு கேரளத்துக்கு ஒதுக்கியது 1.925 சதவீதம், 10-வது நிதிக்குழுக் காலத்தில் அது 3.875. பணக்காரரிடம் வாங்கினால் மட்டும் போதாது, அது நம் சித்தூர் தாலுகா பள்ளிக்கூடம் வரை வர வழி வேண்டும்.

எந்த வாக்குறுதியைக் கேட்டாலும், அதைச் செய்ய இவர் கையில் அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். வருமானவரி நாடாளுமன்றத்தின் வேலை. ஜிஎஸ்டி விகிதத்தைத் தனியாக எந்த அரசும் மாற்ற முடியாது. எல்லா அரசுகளும் சேர்ந்து முடிவெடுக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று வேண்டும். சட்டமன்றத் தேர்தலில் நிற்பவர் ஜிஎஸ்டியைக் குறைப்பேன் என்றால் அது நடக்கிற காரியம் இல்லை. மாநிலத்தின் கையில் இருப்பது பெட்ரோல், டீசல் மேல் மாநிலம் போடும் வரி, நிலத்துக்கான கரம், பத்திரப்பதிவு, வண்டி வரி. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரளம் 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்புக்காக லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டது. நம் பக்கத்து வண்டிகள் எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய் டேங்கை நிரப்புவது ஏன் என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள். 2025 கேரள பட்ஜெட்டில் கரமும் 50 சதவீதம் ஏறியது. மாநிலத் தேர்தலில் சண்டை போடுவதென்றால் இவற்றுக்காகப் போடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் பெரிய ஆபத்து இதுதான். 40 லட்சம் வரை வியாபாரம் உள்ளவருக்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பதைச் சிறுவணிகருக்குச் செய்த உதவி என்று எல்லாக் கட்சிக்காரர்களும் சொல்வார்கள். உங்களுக்கு 30 லட்சம்தான், சரி. ஆனால் வரி உள்ள சரக்கை மாநிலம் தாண்டி விற்றால் அந்த 40 லட்சம் பொருந்தாது. ஒரு பெட்டி சோப்பு விற்றாலும் பதிவு கட்டாயம். எல்லையிலுள்ள வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கும் டீக்கடைக்கு உங்கள் கடைப் பையன் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. பொள்ளாச்சிக்காரர் உங்கள் கடைக்கே வந்து வாங்கிக்கொண்டு போனால்? பில்லில் அவர் முகவரி இல்லாதவரை உள்ளூர் விற்பனைதான். ஆனால் பில்லில் பொள்ளாச்சி, தமிழ்நாடு என்று எழுதிவிட்டீர்களென்றால், 2023 அக்டோபரிலிருந்து உள்ள விதிப்படி அதுவும் மாநிலம் தாண்டியதாகிவிடும். நல்ல எண்ணத்தில் எழுதும் ஒரு வரி இப்படித் திரும்பும். உரித்த தேங்காய், காய்கறி போல வரியே இல்லாத சரக்கு என்றால் இந்தத் தொல்லை இல்லை. சரி, பதிவே எடுத்து, காம்போசிஷன் என்ற சிறுவணிகர் திட்டத்தில் ஒரு சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். காம்போசிஷனில் இருப்பவரும் மாநிலம் தாண்டிச் சரக்கு விற்கக் கூடாது. அந்தப் பக்கம் வியாபாரம் வேண்டுமென்றால் சாதாரணப் பதிவுதான் ஒரே வழி.

எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. சேவைத் தொழில் செய்பவர்களுக்கு 2017 அக்டோபரிலேயே, மாநிலம் தாண்டினாலும் 20 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். சரக்கு விற்பவரை அப்படியே விட்டுவிட்டார்கள். திருச்சூரில் கடை வைத்திருப்பவருக்கு எல்லை எங்கோ தூரத்தில். நம் ஊரில் சைக்கிள் மிதிக்கிற தூரம். 2017 ஜூலையில் வாளையாறு வணிகவரிச் சோதனைச்சாவடியை எடுத்தபோது எல்லையே போய்விட்டது என்று எங்களிடம் சொன்னார்கள். சாவடி போனது, எல்லை இப்போது பில் புத்தகத்துக்குள் இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதைக் கேளுங்கள்.

இனி அந்த ஏஜென்ட். கட்சி நன்கொடைக்கு வரிக்கழிவு உண்டு, ஆனால் கழிவுகள் நிறைய உள்ள பழைய முறையில் மட்டும், அதுவும் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. இந்த ஆட்கள் செய்வது இதுதான்: யாரும் கேள்விப்படாத ஒரு கட்சிக்கு வங்கி வழியாகப் பணம் போகும், கமிஷன் போக மீதி ரொக்கமாகத் திரும்பி வரும், ரசீது உங்கள் கையில் இருக்கும். சிலர் பணமே கைமாறாமல், தாக்கல் செய்யும் வருமானவரிக் கணக்கில் (ரிட்டர்னில்) எண்ணை மட்டும் போட்டுவிடுகிறார்கள். 2025 ஜூலையில் வருமானவரித் துறை நாடு முழுக்க இப்படிப்பட்ட இடைத்தரகர்கள் மேல் சோதனை நடத்தியது. ஆகஸ்டில் தேர்தல் ஆணையம் 334 பதிவு பெற்ற சிறு கட்சிகளைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பொய்க்கழிவு பிடிபட்டால் ஏய்த்த வரியும் வட்டியும் போக, அந்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரும். அதைக் கட்டப்போவது உங்கள் மகன்தான், ஏஜென்ட் இல்லை.

இதில் வருத்தம் என்னவென்றால், உங்கள் மகனுக்கு இந்தப் பொய் தேவையே இல்லை. கம்பெனி வரி பிடித்திருக்கிறது என்றால், வருட ஆரம்பத்தில் அவன் பழைய முறையைத் தேர்ந்தெடுத்திருப்பான். நிலைக்கழிவு தவிர வேறு கழிவு எதுவும் காட்டாவிட்டால் அதில் 9 லட்சத்துக்கு 85,800 ரூபாய் வரும். சம்பளக்காரர் ரிட்டர்ன் போடும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். 2025-26 சம்பளத்துக்குப் புதிய முறையில் ரிட்டர்ன் போட்டால் வரி பூஜ்யம், பிடித்தது முழுவதும் சட்டப்படியே வங்கிக் கணக்குக்கு வரும். தானாக வர வேண்டிய பணத்துக்குத்தான் அந்த ஆள் கமிஷன் கேட்கிறார்.

போன வருடங்களில் ஏற்கனவே இப்படிச் செய்திருந்தால் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். திருத்திய கணக்கைக் கூடுதல் வரியோடு நான்கு வருடம் வரை தாக்கல் செய்யலாம், தாமதம் ஆக ஆகக் கூடுதல் ஏறும். அப்புறம், இன்றே மகனை வருமானவரித் தளத்துக்குள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு இளைஞருக்கு மூன்று நோட்டீஸ் போயிருந்தன, ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை. ஏஜென்ட் தன்னுடைய கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அங்கே பதிந்து வைத்திருந்தார். கேட்கப் போனபோது அந்த எண் அணைந்திருந்தது. மகன் கணக்கில் எண்ணும் மின்னஞ்சலும் அவனுடையதாக இருக்க வேண்டும், கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது. ரிட்டர்னை அவனே போடலாம். சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டிக் கம்பெனி தரும் படிவம் 16 கையில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.